பக்கீர் நானாவின் நான்காவது மெடல்

1

இந்தக் கதை ஒரு களிசானின், அதாவது காற்சட்டையின், இடுப்பிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் முழிக்கக் கூடாது.

நான் தையல்காரி. பெயர் யசோதினி. சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம் சித்தாண்டி, கலியாணம் கட்டி வந்தது வாழைச்சேனை. கடை வைத்து இருபத்திரண்டு வருடம். பேஸ்புக்கில் எழுதுவேன். வடிகான் அடைத்துக் கிடப்பது, நூல் விலை ஏறியது, கோயில் திருவிழாப் படம், இப்படி. கதை என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஏன் கதை? இதில் வருகிறவருக்கு, உண்மைப் பெயர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பெயரை மாற்றினால் அது கதைதான் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். இவ்வளவு சுலபம் என்று இத்தனை வருடமாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அவருக்குப் பக்கீர் என்று பெயர் வைத்தேன். வைத்துவிட்டு அவரிடமே சொன்னேன்.

“பக்கீரா?” என்றார். “வேற ஒண்டும் கிடைக்கல்லயா தங்கச்சி? கொஞ்சம் எடுப்பா?”

எடுப்பான ஒரு சொல்லால்தான் இந்த வில்லங்கமே வந்தது. பக்கீரே இருக்கட்டும்.

2

கதைக்கு நல்ல தொடக்கம் வேண்டுமாம். மூன்று எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: அது ஒரு திங்கட்கிழமை காலை. வானம்...

(வானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்திருப்பவள் நான். விடுங்கள்.)

தொடக்கம் இரண்டு: சீருடை என்பது ஒரு மனிதனின்...

(இந்த இடத்தில் ஒரு சட்டைக்குக் கொலர் வைக்க எழும்பிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மனிதனின் என்ன என்று எனக்கே ஞாபகமில்லை. ஆனால் சீருடை பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் யுத்தம் நடந்த முப்பது வருடமும் அதைத் தூரத்தில் கண்டாலே கை தானாக அடையாள அட்டையைத் தேடும். சிலருக்கு இப்போதும் தேடும். அதனால் இதை வெறும் பகிடியாக, சிரிக்க மட்டும், எழுத முடியவில்லை. பகிடி இல்லாமலும் எழுத முடியவில்லை. நடந்தது பகிடிதான்.)

தொடக்கம் மூன்று. இதுதான் நின்றது:

“யசோக்கா, இந்தக் களிசான ரெண்டு இஞ்சி விட்டுத் தரணும்.”

கைறுன்னிஸா ஒரு பையை மேசையில் வைத்தாள். ஓட்டமாவடியிலிருந்து வருகிறவள், என் பழைய வாடிக்கை. உள்ளே கடும் நீல உடுப்பு. தோளில் பொன்னிறப் பின்னல் கயிறு, கைப்பக்கம் பித்தளைப் பொத்தான் தெறிகள், விளிம்பு வைத்த தொப்பி.

“ஆர்ர இது?”

“அவர்ரதான். பதினொரு வருசம் கத்தார்ல போட்ட உடுப்பு. முழுசா வந்து மூணு மாசமாகுது, அதுக்குள்ள வயிறு வந்திட்டு.”

“மூணு மாசத்திலயா?”

“உம்மாட வேலைகா. மருமகனெண்டா கோழி, மகளெண்டா கீரை.”

களிசானில் விடுவதற்குத் துணி இருந்தது. சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இடது கையில் வட்டமாக ஒரு துணிப் பட்டை தைத்திருந்தது. நடுவில் பருந்து, சுற்றி அரபு எழுத்து, அடியில் பொடிப்பொடியாக இங்கிலீஷ்.

“இத மட்டும் கழட்டிடுங்க அக்கா. பார்வையில்ல.”

கழற்றினேன். தெறி போடும் தகரப் பெட்டிக்குள் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. தையல்காரியின் கண்ணில் எழுத்துப் படாது, நூல்தான் படும். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டாகத்தான் சொல்கிறேன்.

3

உடுப்பை எடுக்க வந்த அன்று அவள் புருஷன் பக்கீர் நானாவும் (அவர்களுக்கு நானா என்றால் அண்ணன்) வந்தார், கைறுன்னிஸாவின் உம்மா ஹவ்வா உம்மாவும் வந்தார். நானா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். சும்மா சொல்லக் கூடாது, கடையே நிமிர்ந்தது. தெருவில் போன ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“மருமகன் அங்க என்ன வேலை உம்மா?” என்று கேட்டேன்.

“ஹாரிஸ்.”

“அது பேரா?”

“பேரில்ல புள்ள, உத்தியோகம். போன்ல அவர்தான் சொன்ன. நான் எங்கட பள்ளி மௌலவிக்கிட்டக் கேட்டன். ஹாரிஸ் எண்டா அரபுல காவலனாம். ராசாவக் காக்கிற படைக்கும் அந்தச் சொல்லுத்தானாம்.”

பக்கீர் நானா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஹவ்வா உம்மா அவர் கொலரைச் சரிசெய்தார். வாய் மூடிக்கொண்டது.

கவனியுங்கள், இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நானா சொன்னது சரி. மௌலவி சொன்ன பொருள் சரி. ஹவ்வா உம்மா கேட்டதும் சரி. அந்தச் சொல் மட்டும் கத்தாரிலிருந்து ஓட்டமாவடிக்கு வருகிற வழியில் இரண்டு தரம் பதவி உயர்வு வாங்கிவிட்டது.

(கெட்டிக்கார வாசகர் இப்போதே கண்டுபிடித்திருப்பார். நான் கண்டுபிடிக்கவில்லை. நான் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

4

அன்று நான் பேஸ்புக்கில் போட்டது இது. அழிக்காமல் அப்படியே தருகிறேன், எனக்கு வெட்கமாக இருக்கட்டும்:

‘எமது மண்ணின் பெருமை! ஓட்டமாவடியைச் சேர்ந்த இவர் கத்தார் அரச பாதுகாப்புப் படையில் பதினொரு வருடங்கள் உயர் அதிகாரியாகக் கடமையாற்றி நாடு திரும்பியுள்ளார். அன்னாரின் சீருடையைத் திருத்தும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது.’

‘உயர் அதிகாரி’ என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. தோளில் கயிறு இருந்தது, நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பதவி உயர்வு நான் கொடுத்தது.

ஆயிரத்து நூற்று இருபத்தாறு லைக். வடிகான் பற்றி எழுதினால் எனக்குப் பதினாலு விழும், அதில் ஒன்று என் புருஷன்.

அந்தப் பதிவை ஓட்டமாவடியில் ஒரு பாடசாலையின் அதிபர் பார்த்தார். (எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள், கதை.) பாடசாலையின் வருடாந்த இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம அதிதி தேடிக்கொண்டிருந்தவர். அழைப்பிதழ் அடித்தாயிற்று: மேடையில் நின்று அணிவகுப்பு மரியாதையை ஏற்பவர் பக்கீர் அவர்கள், முழுச் சீருடையில்.

அந்த அணிவகுப்பின் தலைவி யார் தெரியுமா? அவருடைய மகள் றுமைஸா. பதினாறு வயது. மேடைக்கு முன்னால் வரும்போது “வலப்பக்கம் பார்” என்று கட்டளை கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

கைறுன்னிஸா திரும்ப உடுப்போடு வந்தாள். கூடவே ரிப்பன் வைத்த மூன்று மெடல். “இதையும் குத்தி விடுங்க அக்கா. உம்மா தேடி எடுத்துத் தந்த.”

எந்தப் பக்கம் குத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் மறுநாள் வர இருந்தார்.

5

றெக்ஸ் அண்ணன் மட்டக்களப்பு டவுனில் இருக்கிற பறங்கியர். இராணுவத்தின் பேண்டில் இருபத்திரண்டு வருடம் ட்றம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வந்து அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு பேண்ட் பழக்குகிறார். பேண்ட் பிள்ளைகளின் முப்பத்திரண்டு வெள்ளைக் களிசானும் என் கடையில்தான். அதைப் பார்க்க வந்தவர், கொளுக்கியில் தொங்கிய நீல உடுப்பைக் கண்டு நின்றுவிட்டார்.

“ஓ மை கோட்! ஆர் மேன் இந்த ஜெனரல்?”

“ஓட்டமாவடி பக்கீர் நானாட. உங்கட பிரதம அதிதி. அண்ண, மெடல் எந்தப் பக்கம் குத்துற?”

“தானே எடுத்ததெண்டா இடப்பக்கம், நெஞ்சுக்கு மேல. செத்துப்போன அப்பன்ட, அண்ணன்ட மெடலெண்டா வலப்பக்கம். அவங்கட நினைவுக்கு.”

“கடையில வாங்கினதெண்டா?”

“அது அலுமாரிக்குள்ள.”

சிரித்துக்கொண்டே மெடல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டார்.

“இதுல ஒரு ஒட்டகம். இதுல ஒரு கட்டடம். இது...” தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இது சாவிக் கோர்வை மேன்! வளையத்தக் கழட்டியிருக்கு.”

அப்போதுதான் நான் கழற்றி வைத்த பட்டை ஞாபகம் வந்தது. தகரப் பெட்டியைத் திறந்து அந்த வட்டத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அடியில் இருந்த பொடி எழுத்தை அவர் நிதானமாக வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார்: “பாதுகாவல் மற்றும் துப்புரவுச் சேவைகள்.”

துணியை மடித்து மேசையில் வைத்தார்.

“கோவமா அண்ண?”

“கோவமில்ல யசோ. நானும் பெரிய வீரனில்ல. இருபத்திரண்டு வருசத்தில நான் சுட்டது தின்னுற பாண் மட்டும்தான். எனக்கும் மூணு மெடல் இருக்கு. அதுல ஒண்டு அந்த வருசம் சேவையில இருந்த எல்லாருக்கும் குடுத்த. சமையல்காரனுக்கும் குடுத்த.”

“அப்ப என்ன?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சவப்பெட்டி வரக்குள்ள ஊதுற ட்யூன் ஒண்டு இருக்கு. ஒரு கிழமையில, ஏழே நாள்ல, ஆறு பெட்டிக்கு ஊதியிருக்கன். பக்கத்தில தாய் நிப்பா. எனக்கு வாய் நடுங்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த மெடலெண்டு நான் வச்சிருக்கன். டவுன்ல ஒருநாளும் போட்டதில்ல. எங்கட ஒழுங்கையிலயே, சண்டையில மற்றப் பக்கத்துக்குப் பிள்ளையக் குடுத்த தாயும் இருக்கிறா. அவட வாசலால நான் அதக் குத்திக்கொண்டு போறதா?”

சாவிக் கோர்வையை என் பக்கம் தள்ளினார்.

“அதனால ஒரு சாவிக் கோர்வைக்கு என்ட பேண்ட் மரியாதை அடிக்காது. நான் விட மாட்டன்.”

“முப்பத்திரண்டு பிள்ளைகள் அண்ண. ஆறு கிழமை பழகினதுகள்.”

“தெரியும். பழக்கினது நான்.”

களிசான்களை எண்ணிப் பார்க்காமலே போய்விட்டார். விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஐந்து நாள்.

(இந்த இடத்தில் மழை பெய்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. பெய்யவில்லை. வெயில். றெக்ஸ் அண்ணன் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார், அதுவும் வெயிலுக்குக் கொண்டு வந்ததுதான்.)

அவர் போனபிறகு உடுப்பை மடிக்கும்போது உள்பையில் ஏதோ கனத்தது. நான்காவது மெடல். ரிப்பன் இல்லை, மினுக்கம் இல்லை, பித்தளை கறுத்துப் போயிருந்தது. இந்தத் தடவை எழுத்தைப் படித்தேன். அகராதி பார்த்துப் படித்தேன்.

6

பக்கீர் நானாவை நான் முதலில் ஒரு கள்ளனாகத்தான் எழுதினேன். சுலபமாக இருந்தது. ‘அவர் மீசையை முறுக்கியபடி’ என்று ஒரு வரிகூட வந்தது. (அவருக்கு மீசை இல்லை, தாடிதான்.) பிறகு அவரை ஒரு அப்பாவியாக எழுதினேன். அதுவும் சரிவரவில்லை. பதினொரு வருடம் வெளிநாட்டில் தனியாக நின்று பிழைத்தவர் அப்பாவியாக இருக்க முடியாது. அதனால் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டியில் ஓட்டமாவடிக்குப் போனேன். நான் நிறுத்துவதற்கு முன்பே கேற் திறந்தது. சாரம் கட்டிய பக்கீர் நானா ஒரு பக்கமாக ஒதுங்கி, முதுகை நேராக வைத்து, கையை உள்ளே காட்டி நின்றார். பிறகு தான் செய்ததைத் தானே கண்டுபிடித்தவர்போல முதுகைத் தளர்த்தினார்.

“நானா, ஹாரிஸ் எண்டா என்ன?”

சமையலுக்கு மாமி நின்ற குசினிப் பக்கம் பார்த்தார். குரலைத் தணித்தார்.

“வோச்சர். வாசல் காவல்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை வந்தது. பாவம், பல வருடமாக யாரோடும் சேர்ந்து சிரிக்க முடியாத பகிடி அது.

“வல்லாஹி, நான் பொய் சொல்லல்ல தங்கச்சி. பெரிய ஷொப்பிங் மோல் ஒண்டு, அதுட முன்வாசல் எனக்கு. மாமிக்கிட்ட வோச்சரெண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு, அரபுல சொன்னன். அடுத்த லீவுக்கு வந்தா ஊரே ‘கமாண்டர்’ எண்டு கூப்பிடுது. திருத்தப் போனா மாமி விட்டாத்தானே!”

“அந்த மெடலெல்லாம்?”

“அது பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமானெண்டு கொண்டுவந்த. வளையத்த மாமிதான் குறட்டால கழட்டின.”

நான் கைப்பையிலிருந்து நான்காவதை எடுத்து மேசையில் வைத்தேன். சிரிப்பு நின்றது.

“இது எங்க இருந்திச்சு?”

“உள்பையில. ‘நேரம் தவறாமை, ஆறு வருடம்’ எண்டு போட்டிருக்கு.”

“ஓம். ஆறு வருசம் ஒரு நாளும் பிந்தல்ல. குடுக்கிற லீவத் தவிர ஒரு நாளும் வேலைக்குப் போகாம நிக்கல்ல. முழுக் கம்பனியிலயும் ரெண்டே ரெண்டு பேர்.”

“இது நீங்க எடுத்ததுதானே நானா. ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

விரலால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “அந்த ஆறாவது வருசம் என்ட வாப்பா மௌத்து. விடிய ஊர்ல இருந்து போன் கோல் வந்திச்சு. டிக்கட் எடுத்தாலும் அடக்கத்துக்கு வந்து சேரேலா, அண்டைக்கே அடக்கிருவாங்க. ஆறு மணிக்கு டியூட்டி. அறையில இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்திச்சு. போய் நிண்டன். அண்டைக்கும் எல்லாருக்கும் கதவு திறந்து விட்டன். அடுத்த மாசம் மேடையில ஏத்தி இதக் குடுத்தாங்க. கை தட்டினாங்க.”

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

பிறகு றெக்ஸ் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், கோபப்படவில்லை.

“அவர் சொல்றது சரி. உடுப்பு என்ட. பதினொரு வருசம் அதுக்குள்ளதான் வேர்த்தன். அந்தச் சல்யூட்தான் என்டயில்ல.”

“அப்ப போகாம விடுங்களன்.”

“றுமைஸா?” என்றார். “அவக்கிட்ட என்னத்தச் சொல்ற? உன்ட வாப்பா கமாண்டரில்ல, கதவு திறக்கிறவன் எண்டா? ஊர் சிரிக்கட்டும் தங்கச்சி, அது ரெண்டு நாள். அவட மொகம் மாறினா என்னால பாக்கேலா.”

நான் எழும்பினேன். அவரும் எழும்பி, எனக்கு முந்திப் போய்க் கேற்றைத் திறந்தார்.

7

இந்தப் பகுதியை நான் கற்பனையில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டால் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

அன்று பின்னேரமே றுமைஸா கடைக்கு வந்தாள், அணித் தலைவி குறுக்காகப் போடும் சிவப்புப் பட்டியை அளவு பார்க்க. தோளில் ஊசி குத்தும்போது மெல்லக் கேட்டாள்.

“யசோ ஆன்ட்டி, வாப்பா மேடையில ஏறாம இருக்க ஒரு வழியும் இல்லயா?”

ஊசி என் விரலில் ஏறியது. “ஏன் மகள்?”

“அவருக்குப் பயம். சோறு இறங்குதில்ல. உம்மம்மா கோழியக் கோழியா வைக்கிறா, அப்பிடியே கிடக்கு.”

“என்ன பயம் கமாண்டருக்கு?”

என்னைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் அவளைப் பார்க்க, எனக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

யாரோ ஒரு பெண் அந்த மோலுக்குச் சாமான் வாங்கப் போகும் வீடியோ. கைப்பை, செருப்பு, வாசனைப் போத்தல். நாலாவது நிமிடத்தில் பெரிய கண்ணாடிக் கதவு. நீல உடுப்பு. பக்கீர் நானா ஒரு வயதான அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறார். அந்த அம்மா ஊன்றுகோலோடு கடந்து போக முழுசாக அரை நிமிடம். பின்னால் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். அவர் அசையவில்லை.

“ஏழாம் வகுப்பில கண்டுபிடிச்சன்,” என்றாள் றுமைஸா. “நூறு தரம் பாத்திருப்பன். வீடியோ காட்டுற ஆள் அவர ஒரு தரமும் பாக்கல்ல ஆன்ட்டி. நான் மட்டும்தான் பாக்கிற.”

“வாப்பாக்கிட்டச் சொன்னயா?”

“அவர் வெக்கப்படுவாரே.” போனை அணைத்தாள். “உம்மாக்குச் சொல்லிப் போடாதீங்க. அவவும் வெக்கப்படுவா.”

உம்மாவுக்குச் சொல்லாதே என்றுதான் சொன்னாள். வாப்பாவுக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லை. நான் வாக்குத் தவறாதவள்.

8

முடிவு. இங்கேதான் நான் ஒரு கிழமையாக நிற்கிறேன்.

முடிவு அ: பக்கீர் நானா மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, ‘நான் ஒரு வாசல் காவலன்’ என்று சொல்ல, கூட்டம் எழும்பி நின்று...

(வெட்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவரும் மைக்கில் உண்மை சொல்லி நான் கேட்டதில்லை. மைக்கும் அந்த நேரம் கீச்சென்று கத்தும்.)

முடிவு ஆ: றெக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பேண்ட் மௌனமாக...

(இதையும் வெட்டினேன். முப்பத்திரண்டு வெள்ளைக் களிசான் தைத்தவளால் இதை எழுத முடியாது.)

நடந்தது இதைவிட எளிது. நான் வீடியோவைச் சொன்னேன். பக்கீர் நானா கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். “நாலாவது நிமிசமா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அதிபரிடம் போனார்.

“அழைப்பிதழ் அடிச்சாச்சே!” என்றாராம் அதிபர்.

“பேர் இருந்திட்டுப் போகட்டும் சேர். நான் கேற்றடியில நிக்கிறன். போன வருசம் மோட்டச் சைக்கிளெல்லாம் மைதானத்துக்குள்ள வந்ததாமே. அது எனக்குத் தெரிஞ்ச வேலை.”

பிரதம அதிதிக்குக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரியைப் பிடித்தார்கள். அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

றெக்ஸ் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். “வோச்சரா நிப்பாரெண்டு கேள்விப்பட்டன். அந்த உடுப்பிலயா?” கொஞ்சம் யோசித்தார். “பட்டையத் திரும்பவும் தைச்சு விடு. தைச்சா அது அவர்ர உடுப்புத்தானே மேன். பிள்ளைகள் கேற்றாலதான் உள்ள வருதுகள்.” பிறகு, “இன்னொண்டு யசோ. அந்தச் சின்னப் பெட்டை என்னட்ட வந்து ஒண்டு கேட்டா. கேற்றடியிலயும் ஒருக்கா ‘வலப்பக்கம் பார்’ குடுக்கட்டா சேர் எண்டு. வாப்பா வலப்பக்கம்தான் நிப்பாராம். அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாத.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ட்றம்மக் கொஞ்சம் கூட்டி அடிக்கச் சொன்னன்.”

ஹவ்வா உம்மாதான் மசியவில்லை. “அப்ப நான் ஊருக்கு என்னத்தச் சொல்ற?”

“ஹாரிஸ் எண்டே சொல்லுங்க மாமி,” என்றார் பக்கீர் நானா. “அது பொய்யில்லயே.”

நானும் பேஸ்புக்கில் திருத்தம் போட்டேன்: ‘முன்னைய பதிவில் அதிகாரி என்று எழுதியது என் பிழை. அவர் ஒரு வணிக வளாகத்தின் வாசல் காவலர். சீருடை அவருடையதே.’

ஒன்பது லைக். ஒன்று றெக்ஸ் அண்ணன், ஒன்று றுமைஸா, ஒன்று என் புருஷன். ஒன்று நானே.

9

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். விளையாட்டுப் போட்டியன்று காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்கிறேன், வாசலில் பக்கீர் நானா. நீல உடுப்பு. இடது கையில் பருந்துப் பட்டை, என் தையல், இந்த முறை இரட்டைத் தையல். ஒட்டகமும் கட்டடமும் சாவிக் கோர்வையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்குப் போய்விட்டன. நெஞ்சு வெறுமையாக, நன்றாகத்தான் இருந்தது.

கையை நீட்டி விரித்தார். நான்காவது மெடல். புளி போட்டுத் தேய்த்திருந்தார்.

“இதக் குத்தி விடுங்க தங்கச்சி.”

ஒரு நீல ரிப்பன் வெட்டினேன். ஊசியில் நூல் கோர்த்தேன். இடப்பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.

“பொறுங்க,” என்றார். “அந்தப் பேண்ட் சேர் என்ன சொன்ன? தானே எடுத்தது இடப்பக்கம். மௌத்தான ஆளுடயது வலப்பக்கம். அப்பிடித்தானே?”

“ஓம் நானா.”

“அப்ப இது எந்தப் பக்கம்?”

பிடித்திருந்த மெடலைக் கொஞ்சம் விலக்கினேன்.

“ஆறு வருசம் நிண்டது நான்தான். ஆனா அந்த ஒரு நாள் நான் நிக்காம விட்டிருந்தா இது எனக்கு வந்திருக்காது. அந்த நாள் வாப்பாட. இது ஆர்ர, தங்கச்சி?”

இடப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பொருந்தியது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இரண்டு பக்கமும் சரியாக வந்த துணியை நான் கண்டதில்லை. றெக்ஸ் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன். பின்னால் ட்றம் அடிக்கிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே கதையை இந்த நிமிடத்திலேயே நிறுத்திவிட்டுக் கேட்கிறேன், இதை வாசிக்கிற உங்களிடம். ‘அருமை’, ‘கண் கலங்கியது’ என்று பின்னூட்டம் போட வேண்டாம். அது எனக்கு வேலைக்குதவாது. ‘வலம்’ அல்லது ‘இடம்’ என்று ஒரு சொல் போடுங்கள். ஊசி கையில் இருக்கிறது. மேசையில் என் போன் அடிக்கிறது. றுமைஸாதான், வாப்பா எங்கே என்று கேட்கப் போகிறாள். அணிவகுப்பு எட்டு மணிக்கு. கேற்றின் வலப்பக்கம் இன்னும் ஆளில்லை.

பக்கீர் நானா சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

“கெதியாச் சொல்லுங்க தங்கச்சி,” என்கிறார். “நான் இண்டைக்கு வரைக்கும் பிந்தினதில்ல.”